ஒரே எழுத்தில் ஓடும் ஆறு

செஞ்சிக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்னால், பாலத்தின் மேல் பஸ் நின்றுவிட்டது. எங்களுக்கு முன்னே போன கரும்பு டிராக்டரின் டிரெய்லர் சக்கரம் கழன்று, சாலையின் குறுக்கே கரும்பு மலைபோல் சரிந்து கிடந்தது. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு வேடிக்கை பார்க்க இறங்கினார். ஹென்ரிக் ஜன்னல் வழியே தலையை நீட்டி, கீழே மணலுக்கு நடுவில் மெலிதாக ஓடிய தண்ணீரைப் பார்த்தார். "இந்த ஆற்றுக்கு என்ன பெயர்?" என்று டேனிஷில் கேட்டார்.

சங்கராபரணி என்றேன். எனக்கே சந்தேகம்தான். வராக நதி என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்து சீட்டில் முருங்கைக்காய்க் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாவைக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேரா? ஆத்துக்கு இன்னாப்பா பேரு. ஆறுதான்."

இதை மொழிபெயர்த்துச் சொன்னதும் ஹென்ரிக்குக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து, அந்த அம்மா முருங்கைக்காய்க் கட்டை மடிக்கு இழுத்துக்கொண்டார். இருக்காதா பின்னே. அறுபதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரர், 'ஆறுதான்' என்ற பதிலுக்குக் கைதட்டினால் யாருக்கும் பயம் வரும்.

அவருடைய சந்தோஷத்துக்குக் காரணம் உண்டு. நாங்கள் வசிக்கும் ஆர்ஹஸ் நகரத்தின் நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. அதற்கும் 'ஆறு' என்பதுதான் பெயர். டேனிஷில் சிற்றாறுக்கு ஒரே எழுத்து. ஆங்கில 'ஏ' எழுத்தின் தலையில் குட்டி வளையம் போட்டால் முடிந்தது. சொல்லும்போது 'ஓ' என்பார்கள். ஊரின் பெயருக்கே 'ஆற்றின் வாய்' என்றுதான் பொருளாம். ஒரு காலத்தில் அந்த ஆற்றை மூடி மேலே சாலை போட்டுவிட்டு, பிறகு தவறை உணர்ந்து திறந்துவிட்டார்கள். இருபது வருடமாக தினமும் அதன் கரையில் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். இதெல்லாம் எனக்கு ஹென்ரிக் சொல்லித்தான் தெரியும்.

ஹென்ரிக் வாழ்நாள் முழுக்க ஊர்களின், ஆறுகளின் பெயர்களைத் தோண்டிப் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் மத்தியாஸும் என் அக்கா மகள் பவித்ராவும் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறார்கள். பவித்ரா என்னை நம்பித்தான் ஆர்ஹஸுக்குப் படிக்க வந்தாள், பிறகு அங்கேயே வேலையிலும் சேர்ந்தாள். ஆக, நடந்தது எல்லாவற்றுக்கும் செஞ்சியில் நான்தான் குற்றவாளி.

அக்கா செல்வியைச் செஞ்சியில் கொடுத்திருக்கிறது. மாமா ஏழுமலை கடைவீதியில் பைப், மோட்டார் கடை வைத்திருக்கிறார். விஷயம் காதில் விழுந்த நாளிலிருந்து அவர் மகளோடு பேசவில்லை. பவித்ராவின் போன் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். திட்டியிருந்தால்கூட அந்தப் பெண் தாங்கியிருக்கும். இந்த மௌனத்தில் அவள் இளைத்துப்போனாள். அப்பா சரி என்று சொல்லாமல் கல்யாணமே வேண்டாம் என்று மத்தியாஸிடம் சொல்லிவிட்டாள். அதைக் கேட்ட ஹென்ரிக்தான், "நான் போய் அவரைப் பார்க்கிறேன், நீயும் கூட வா" என்று என்னைக் கிளப்பினார். தாய்மாமன் என்ற முறையில் எனக்கு மரியாதை கிடைக்கும், மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் உதை கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே கிளம்பினேன்.

முதல் நாள் மாமா எங்களைக் கடையில் வைத்துத்தான் பார்த்தார். பிளாஸ்டிக் நாற்காலி, இளநீர் எல்லாம் வந்தன, மின்விசிறி எங்கள் பக்கம் திருப்பிவிடப்பட்டது. உபசாரத்தில் குறையில்லை. ஹென்ரிக் எழுந்து கையை நீட்டி, "ஏழுமலை, உங்களைப் பார்த்ததில் மகிழ்ச்சி" என்றார். டென்மார்க்கில் பிரதமரையே பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். செஞ்சிக் கடைவீதியில் மாமாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவருடைய அப்பாவுக்குத்தான் உரிமை இருந்தது. உள்ளே பைப் அறுத்துக்கொண்டிருந்தவர் ரம்பத்தை நிறுத்திவிட்டார். நான் அவசரமாக, "ஐயாவைப் பார்த்ததில் சந்தோஷம்னு சொல்றார்" என்றேன். எல்லாருக்கும்தான் காது இருக்கிறதே.

பிறகு டிபனுக்குப் போனோம். இட்லி, வடகறி, மேலே ஒரு ரவா தோசை. மதியம் இன்னொரு ஓட்டலில் இலைச் சாப்பாடு. இரவு பரோட்டா. மாமா கூடவே இருந்து "இன்னொண்ணு வெய்யிப்பா சாருக்கு" என்று கவனித்தார். வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. வீட்டுக்கு வாங்க என்ற வார்த்தை மட்டும் வரவில்லை. லாட்ஜுக்கு வந்ததும் அக்கா போன் செய்தாள்.

"தப்பா நெனைக்காதடா. உங்க மாமாவுக்கு இன்னும் மனசு எறங்கல. வூட்டுல சாப்ட வெச்சா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல. தண்ணி கூட குடுக்கக்கூடாதுன்னுட்டாரு."

ஹென்ரிக்கிடம் மறைக்க முடியவில்லை. எங்கள் பக்கம் சம்பந்தம் பேசி முடியும்வரை ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் கை நனைக்க மாட்டார்கள், சாப்பிட உட்கார்ந்தால் சம்மதம் என்று அர்த்தம் என்று விளக்கினேன். அவமானமாக நினைப்பாரோ என்று பயந்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். "நல்ல வழக்கம். வாய் திறந்து 'இல்லை' என்று சொல்லும் கஷ்டம் யாருக்கும் இல்லை" என்றார். மூன்று பரோட்டா சாப்பிட்ட மனிதர் அப்படித்தான் சாந்தமாக இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கோட்டை. ஊருக்கு வந்தவரைத் தனியாக அனுப்பக்கூடாது என்று மாமாவும் வந்தார். நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்தில் ஹென்ரிக்குக்கு ஒரு விலை, எங்களுக்கு ஒரு விலை. பாஸ்போர்ட்டின்படி நான் எந்தப் பக்கம் என்று நானாக வாயைத் திறக்கவில்லை. உள்ளே போனதும் கல்லூரி மாணவர்கள் ஹென்ரிக்கோடு செல்ஃபி எடுக்க வரிசை கட்டினார்கள். ஒரு குரங்கு அவருடைய பையிலிருந்த வாழைப்பழத்தை உரிமையோடு எடுத்துக்கொண்டு போனது.

டென்மார்க்கில் மலையே கிடையாது. அங்கே மிக உயரமான இடம் என்று காட்டும் மேட்டில் மாமாவின் டிவிஎஸ் ஃபிப்டி மூச்சு வாங்காமல் ஏறிவிடும். கோட்டையின் உயரமான குன்றான ராஜகிரியைப் பார்த்த ஹென்ரிக் அண்ணாந்தபடியே நின்றார். யானை யானையாக உருட்டிக் கொட்டிய பாறைகளுக்கு மேல், யாரோ மதில் கட்டி, கோயில் கட்டி, நெல் கொட்டிவைக்கக் களஞ்சியமும் கட்டியிருக்கிறார்கள். நான் எத்தனையோ தடவை பார்த்ததுதான். அன்றைக்கு அவர் பக்கத்தில் நின்று பார்த்தபோது எனக்கும் புதிதாக இருந்தது.

மாமாவுக்கு மதில் முக்கியமில்லை. கல்யாண மகாலுக்கு எங்களை இழுத்துக்கொண்டு போனார். "சார்கிட்ட சொல்லு மச்சான். அந்த சக்கரக்குளத்துலேந்து மண்ணுல பைப்பு செஞ்சி, செவுத்துக்குள்ளயே பொதச்சி, இங்க வரைக்கும் தண்ணி கொணாந்துருக்கான். கரண்ட்டு கெடயாது, மோட்டார் கெடயாது. எங்கிட்ட இன்னிக்கி வந்து இந்த வேல செய்னு சொன்னா, நா முடியாதுன்னுதான் சொல்லுவேன்." சொல்லும்போது அவர் குரல் தணிந்துவிட்டது. கோயிலில்கூட மாமா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

ஏற்றம் மாமாவின் முழங்காலுக்கு ஒத்துக்கொள்ளாததால் சக்கரக்குளத்தின் படியில் உட்கார்ந்தோம். பச்சைத் தண்ணீரில் ராஜகிரி தலைகீழாக நின்றது. ஹென்ரிக் குளத்தைப் பார்த்தபடியே, தானாகப் பேச ஆரம்பித்தார்.

"ரோமாபுரிக்காரர்கள் தண்ணீரை 'அக்வா' என்றார்கள். அதற்கு உடன்பிறந்த ஒரு சொல் வடக்கே ஜெர்மானியக் கூட்டத்தாரிடம் இருந்தது. அவர்கள் அதை எழுதிவைக்கவில்லை. பிள்ளைகளின் முகங்களைச் சேர்த்துவைத்துத் தாயின் முகத்தை ஊகிப்பதுபோல நாங்கள்தான் அதை ஊகித்தோம். 'அஹ்வோ'. ஓடும் தண்ணீர் என்று பொருள். தெற்கே மலைப்பக்கம் போன பிள்ளை 'ஆக்' என்று ஊர்ப் பெயர்களின் வாலில் ஒட்டிக்கொண்டது. ஹாலந்துப் பக்கம் வெறும் 'ஆ' ஆனது. இங்கிலாந்தில் கொஞ்ச காலம் இருந்து, கிட்டத்தட்டச் செத்துப்போனது. எங்களிடம் 'ஓ'. தொண்டையில் உரசிய சத்தமெல்லாம் தேய்ந்து, கடைசியில் ஒரே உயிரெழுத்து மிச்சம்."

நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். மாமாவின் முகம் 'ஓ'வில் பிரகாசமானது.

"ஓ-வா? அப்ப ஓடை. நம்ம ஓடைதான் அங்க போயி பாதி ஒடஞ்சிருக்குது. நா அப்பவே நெனச்சேன்."

உலகத்தில் எந்த மொழியில் எந்தச் சொல்லைச் சொன்னாலும் அதற்குத் தமிழில் தாய்வீடு கண்டுபிடிக்கும் திறமை நம் ஆட்களுக்குப் பிறவியிலேயே உண்டு. ஹென்ரிக் சிரித்தார். அப்படி இருந்தால் தனக்கும் சந்தோஷம்தான், ஆனால் அந்தச் சொல் 'ஓ' ஆனது சமீபத்தில், பழைய உருவத்துக்கும் ஓடைக்கும் சம்பந்தமில்லை என்றார். மாமா என்னிடம், "அவரு படிச்ச பாடம் அப்டி. விடு" என்று பெருந்தன்மையாக மன்னித்தார்.

ஹென்ரிக் விடவில்லை. "அஹ்வோவுக்கு ஒரு மகள் உண்டு. 'தண்ணீரைச் சேர்ந்த நிலம்' என்று பொருள். எங்கள் மொழியில் அவளும் ஒரே எழுத்தாகிவிட்டாள், தீவு என்று அர்த்தம். ஆங்கிலத்தில் 'ஐலண்ட்' என்கிறார்களே, அதன் தலையில் இருக்கும் 'ஐ' அவள்தான். ஸ்காண்டிநேவியா என்ற பெயரின் வாலிலும் அவள்தான் இருக்கிறாள். சொல்பவர்கள் யாருக்கும் தெரியாது. அஹ்வோவுக்கும் முன்னால் அதன் தாய் எங்கே பிறந்தாள், யார் வாயில் முதலில் வந்தாள் என்று எங்களுக்கும் தெரியாது."

யாரோ ஒருத்தி, ஏதோ ஒரு கரையில், தாகத்தோடு கைநீட்டிக் காட்டிச் சொன்ன சத்தம். அவளுடைய கூட்டம் இல்லை, அவள் பேசிய மொழிக்குப் பெயர்கூட நாம் வைத்ததுதான். அந்தச் சத்தம் மட்டும் தேய்ந்து தேய்ந்து, என் சைக்கிள் பாதையோரப் பலகையில் ஓர் எழுத்தாக நின்றுகொண்டிருக்கிறது. குளக்கரையில் உட்கார்ந்து நான் மொழிபெயர்ப்பதை மறந்துவிட்டேன். மாமாதான் முழங்கையால் இடித்து, "இன்னா சொன்னாரு?" என்று கேட்டார்.

அடுத்த நாள் மாமாவுக்குத் தளவானூரில் ஒரு நிலத்துக்குப் பைப் இறக்க வேண்டியிருந்தது. பல்லவர் குடைவரை பக்கத்திலேயே இருக்கிறது, சாரும் பார்க்கட்டும் என்று குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டார். முன்சீட்டில் டிரைவரோடு நெருக்கியடித்து மாமா, ஹென்ரிக், நான். ஹென்ரிக்கின் கால்கள் கியருக்கும் கதவுக்கும் நடுவில் மடங்கிக் கிடந்தன. வழியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்தால் அதிலும் காற்றில்லை. டிரைவர் அதை உருட்டிக்கொண்டு, வந்த பைக்கில் தொற்றிக் கிளம்பினார். டென்மார்க்காக இருந்தால் இதற்கு ஒரு எண்ணைக் கூப்பிட்டு, அரைநாள் இசை கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

புளியமரத்து நிழலில் நின்றோம். நூறு நாள் வேலை முடித்துத் திரும்பிய இரண்டு பெண்கள் நின்று, ஹென்ரிக்குக்கு எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், வீட்டம்மா வரவில்லையா என்று விசாரித்தார்கள். மனைவி இறந்துவிட்டார் என்று சொன்னதும், "த்சோ, அதான் எளச்சிட்டாரு" என்று அவருக்காக வருத்தப்பட்டுவிட்டுப் போனார்கள். ஹென்ரிக்கின் எடை தொண்ணூறு கிலோவுக்குக் குறையாது. ஆனால் அவர்கள் சொன்னதை மொழிபெயர்த்தபோது அவர் கண் கலங்கியது.

அதைப் பார்த்த பிறகுதான் மாமா பேசினார்.

"மச்சான், நா சொல்றத அப்டியே சொல்லு. கூட்டிக் கொறைக்காத. எனக்கு அவுங்க சாதி, நெறம், அதெல்லாம் கூட ரெண்டாவதுதான். சொந்தக்காரன் நாலு நாள் பேசுவான், வுட்டுருவான். எம் பொண்ணுக்கு நாளைக்கி ஒரு புள்ள பொறந்தா, அது இன்னா பேசும்? நா பேசறது அதுக்குப் புரியுமா? அதுக்கு அடுத்த தலமொறைக்கு ஏழுமலைன்னு ஒருத்தன் இருந்தான்னே தெரியாது. அந்த தண்ணி வார்த்த மாதிரி தேஞ்சி போயிடுவோம்ல நாங்க. இதுக்கு அவரு பதில் சொல்லட்டும்."

அப்படியே சொன்னேன். எனக்கும் ஆர்ஹஸில் ஒரு பையன் இருக்கிறான். ஊருக்குப் போன் போட்டால் 'வணக்கம்' என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவான்.

ஹென்ரிக் புளியங்காய் ஒன்றை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். "தேயாது என்று என்னால் சொல்ல முடியாது" என்றார். "தேயும். என் அப்பா பேசியது மேற்குக் கரைப் பேச்சு. மத்தியாஸுக்கு அதில் நாலு சொல் தெரியும், நாலும் வசவு. என் அப்பா பேச்சை நானே அவனிடம் பேசவில்லை, வெட்கப்பட்டேன். ஒரு சொல் எத்தனை காலம் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எதனால் இருக்கிறது என்று மட்டும் தெரியும். தினமும் யாராவது அதைச் சொல்லித் தண்ணீர் கேட்கிறார்கள், யாராவது கொடுக்கிறார்கள். அவ்வளவுதான்."

நான் சொல்லி முடித்ததும் மாமா தலையைக் குனிந்துகொண்டார். ஆறுதலாக ஏதாவது சேர்த்துச் சொல்லியிருக்கலாமே என்று எனக்கு ஹென்ரிக் மேல் கோபம்கூட வந்தது. காற்றடித்த ஸ்டெப்னியோடு டிரைவர் வந்து, டயரை மாற்றி, வண்டி கிளம்பியது. தளவானூர்க் குன்று கண்ணில் பட்டதும் மாமா என் பக்கம் திரும்பினார்.

"பொய் சொல்லல மனுசன்" என்றார். "நாளைக்கி மதியானம் வூட்டுக்கு வரச் சொல்லு. சாப்பாட்டுக்கு."

குடைவரையை அன்றைக்கு நான் சரியாகப் பார்க்கவில்லை. வாசலில் நிற்கும் துவாரபாலகர்களைத் தாண்டி ஓரமாக ஒதுங்கி பவித்ராவுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். பாறையைக் குடைந்து கோயில் செய்தவர்கள் என்னை மன்னிக்கட்டும்.

மறுநாள் அக்கா வீடு வடை வாசனையில் மிதந்தது. கூடத்தில் தலைவாழை இலைகள். வாழைக்காய் வறுவல், கத்திரிக்காய்ப் பொரியல், சாம்பார், அப்பளம், பருப்புப் பாயசம். ஹென்ரிக் இரண்டு முழங்காலும் எதிர்ப்புத் தெரிவிக்கத் தரையில் உட்கார்ந்தார். மாமா தானே சொம்பை எடுத்துவந்து, "குடுங்க கைய" என்று தண்ணீர் ஊற்றக் குனிந்தார். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்குப் பசி.

ஹென்ரிக் கையை நீட்டவில்லை.

"ஒரு சந்தேகம்" என்றார் என்னிடம். "இந்த வழக்கத்தில் மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்ப்பது யார்?"

மொழிபெயர்த்தேன். பாயசக் கிண்ணத்தோடு நின்ற அக்கா சொன்னாள்.

"பொண்ணப் பெத்தவங்கதான் போயி பாக்கணும். அத நானே கேக்கணும்னு இருந்தேன். இந்தா இருக்கற அனந்தபுரத்துல குடுக்கறதுன்னா கூட, கெணறு எங்க, கொல்ல எங்க, மாமியா எப்டின்னு ரெண்டு வாட்டி போயி பாத்துட்டு வருவீங்க. இத்தினி தூரம் குடுக்கறம், யாரு போயி பாத்தது?"

"உந்தம்பி அங்கதான இருக்கான்" என்றார் மாமா.

"அவன் பாத்தா மாமன் பாத்ததா ஆவும். நைனா பாத்ததா ஆவுமா?"

ஹென்ரிக்கிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். "நான் இங்கே சாப்பிட்டுவிட்டால் எல்லாம் முடிந்ததாகிவிடும். அவர் தன் மகளின் வீட்டைப் பார்க்காமலேயே முடிந்துவிடும். அது நியாயமில்லை. முதலில் அவர் வந்து எங்கள் வீட்டில் கை நனைக்கட்டும். என் தோட்டத்துக்குப் பின்னால்தான் அந்த ஆறு போகிறது. அதன் கரையில் உட்கார்ந்து அவர் பேசட்டும், மத்தியாஸ் கேட்கட்டும். பிறகு நான் இங்கே வந்து சாப்பிடுகிறேன்."

நான் சொல்லி முடித்தபோது வடை ஆறிக்கொண்டிருந்தது. திருப்பதியைத் தாண்டி எங்கும் போகாத மனிதர் மாமா. விமானம் தலைக்கு மேல் போனாலே தலையைக் குனிந்துகொள்வார். சொம்போடு அப்படியே நின்றார். அவருக்குப் பயமாக இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்தது, அக்காவுக்கும் தெரிந்தது.

சொம்பைக் கீழே வைத்துவிட்டு, அலமாரியில் இருந்த அக்காவின் போனை எடுத்தார். கண்ணாடி இல்லாமல் தூரத்தில் பிடித்துப் பார்த்து ஏதோ அழுத்தினார். இரண்டு மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"அம்மா, அவரு சாப்ட்டாராம்மா?" பவித்ராவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

மாமா தொண்டையைக் கனைத்தார். இரண்டு தடவை கனைத்தார்.

"பாப்பா, நைனா பேசறேன்."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. அக்கா பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கேட்டார்.

"உன் வூட்டுக்கு வரணும்னா எந்த ஊர்ல எறங்கணும்?"